ஜாஸ் கஸ்பார் தள்ளிவைத்த கடல்

வீடு பாக்க வந்தவங்கதான நீங்க, உள்ள வாங்க, செருப்பைக் கழத்தாண்டாம், தரை ஈரமாத்தான் கெடக்கும், இந்தத் தெருவுல எந்த வீட்டுத் தரையும் காஞ்சு நான் பாத்ததில்ல. நீங்க அந்த நாற்காலியில உக்காருங்க தம்பி, நீ இப்படிக் கட்டில்ல என் பக்கத்துல இரு பிள்ள, எனக்கு மூச்சு வாங்கும், சத்தமாப் பேச முடியாது. என் பேரு மெற்றில்டா. பக்கத்து வீட்டு மச்சாது மகன் பிராங்கோ அவன் வீட்டைச் சுத்திக் காட்டும்போது, கடல் பக்கம் ஒரு ஜன்னல்கூட இல்லையேன்னு கேட்டிருப்பிய, உப்புக்காத்து கம்பியைத் தின்னுரும்னு சொல்லியிருப்பான். காலுக்கடியில ஒரு முனகல் கேக்குதேன்னு கேட்டிருப்பிய, தண்ணி மோட்டாருன்னு சொல்லியிருப்பான். மோட்டாரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அது எங்க வீட்டுக்காரவுக. செத்து வருஷம் எத்தனையோ ஆச்சு, இன்னும் வாசிச்சுக்கிட்டுத்தான் இருக்காவ.

அதுக்குள்ள எந்திரிக்காதிய, காப்பியைக் குடிங்க. பயப்பட வேண்டிய நேரம் வரும்போது நானே சொல்லுதேன்.

அவுகளுக்குக் கஸ்பார் ரொட்ரிகோன்னு ஞானஸ்நானப் பேரு, ஆனா நாகர்கோவில்ல இருந்து மூணாறு வரைக்கும் ஜாஸ் கஸ்பாருன்னாத்தான் தெரியும். டிராம்போன் வாசிப்பாவ. ஒங்க கல்யாணத்துல பேண்டு செட்டு வச்சிருந்தா பாத்திருப்பிய, ஒரு ஆளு மட்டும் முன்னால நிக்கிறவன் முதுகுல இடிக்கிற மாதிரி பித்தளைக் குழாயை நீட்டி நீட்டி மடக்குவான், அதுதான். அந்த நீளுற பாகத்துக்கு ஸ்லைடுன்னு பேரு. வெளிய தள்ளத் தள்ள சத்தம் அடியில போகும், உள்ள இழுக்க இழுக்க மேல ஏறும். நம்ம புன்னைத்துறை கோயில் பேண்டுல மாதா பாட்டும் சாவுப் பாட்டும் வாசிச்சுக்கிட்டு இருந்த மனுஷன், மாமா கருவாட்டுக் கடைக்கு ஆளு வேணும்னு கொழும்புக்குப் போனாவ. பகல்ல கருவாட்டு மூட்டையைக் கட்டிப் போட்டுட்டு, சாயந்தரமானா கடலோரத்துல இருந்த ஒரு பெரிய ஹோட்டலோட அடுப்படி வாசல்ல போய் நின்னுக்கிட்டு, உள்ள பறங்கியரும் வெள்ளைக்காரங்களும் ஆடுறதுக்கு வாசிக்கிற பேண்டைக் கேட்டு, கேட்டதைக் காத்துலயே இழுத்து இழுத்துப் பழகி, ஒரு கிறிஸ்மஸ் அன்னைக்கு அந்த பேண்டுல டிராம்போன்காரன் குடிச்சுட்டு விழுந்து கெடந்தப்ப, எனக்கு வாசிக்கத் தெரியும்னு கருவாட்டு நாத்தத்தோட மேடை ஏறினாவ. ஏறினவுக, பாஸ்போர்ட்டு தகராறு வந்து இந்தியாக்காரங்க எல்லாரையும் திருப்பி அனுப்புற வரைக்கும் எறங்கல.

ஊருக்கு வந்து, கோயில் பேண்டுல இருந்த நாலு பேரைச் சேத்துக்கிட்டு ஜாஸ் பேண்டு ஆரம்பிச்சாவ. வெள்ளைச் சப்பாத்து, கறுப்புக் கோட்டு, கோட்டுக்குள்ள வேர்த்து ஊத்தும், கழத்த மாட்டாவ. மூணாறுல எஸ்டேட்டு துரைமாரு கிறிஸ்மஸ் ஆட்டத்துக்கு, தூத்துக்குடியில கிளப்புக்கு, கொச்சியில கல்யாணத்துக்கு. கல்யாணம் ஆன புதுசுல ஜாஸுன்னா என்னன்னு நான் கேட்டேன். “ஒரு பாட்டை எடுத்துக்கிட்டு வீட்டை விட்டுக் கெளம்பணும் மெற்றில்டா. எங்க வேணும்னாலும் சுத்தலாம், எவ்வளவு நேரம் வேணும்னாலும் சுத்தலாம், ஆனா கடைசியில வீட்டுக்கு வந்து சேந்துரணும். சேரலைன்னா அது ஜாஸ் இல்ல, ஊதாரித்தனம்”னு சொன்னாவ. கோயில்ல மாதா பாட்டைக்கூட அப்படித்தான் வாசிப்பாவ. பீடத்துல நிக்கிற சாமியாரு முறைச்சுக்கிட்டே இருப்பாரு, அங்கிக்குக் கீழ அவரு காலு மட்டும் தெரியாமத் தாளம் போடும்.

கடலைப் பத்தியும் சொல்லணும். அந்தக் காலத்துல எங்க ஊரைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாத் தின்னுக்கிட்டு இருந்துச்சு. முன்னால ஒரு தெரு இருந்துச்சாம், நான் பாத்ததில்ல. எங்க அம்மா வீட்டை நான் பாக்கவே கொண்டுபோச்சு, ஒரு ஆடி மாசத்துல, அடுப்புல சோறு வெந்துக்கிட்டு இருக்கும்போது பின்சுவரு போச்சு, நான் சோத்துப் பானையைத் தூக்கிக்கிட்டு வெளிய ஓடி வந்து நின்னேன், வேற ஒண்ணும் மிஞ்சல. கல்லறைத் தோட்டத்துல முன்வரிசை போச்சு, பெட்டியோட போனவுகளுக்கு எந்தக் குழியில போய் மெழுகுதிரி ஏத்தன்னு தெரியாம கல்லறைத் திருநாள் அன்னைக்கு அலையைப் பாத்து ஏத்தி வச்சுட்டு வருவோம். சோறு போடுறதும் அதுதான், தலையில மண்ணை அள்ளிப் போடுறதும் அதுதான், யாருகிட்டப் போய்ச் சொல்ல.

அந்தோணியார் திருவிழா முடிஞ்ச மறுநாள், கடக்கரைப் பந்தல்ல ஊருக்கே போடுற அசனச் சாப்பாடு நடந்துக்கிட்டு இருந்துச்சு. எல்லாரும் இலையில இருந்தாவ. பேண்டுக்காரங்க சும்மா சந்தோஷத்துக்கு வாசிச்சாவ, எங்க வீட்டுக்காரவுக பாட்டை எங்கெங்கயோ கூட்டிட்டுப் போயி, ஸ்லைடைக் கடைசி வரைக்கும் வெளிய நீட்டி ஒரு அடிச்சுரம் பிடிச்சாவ, பிடிச்ச பிடியில கடல் எந்திரிச்சுப் பின்னால போச்சு. பாயைச் சுருட்டுற மாதிரி போச்சு. வள்ளமெல்லாம் மணல்ல சாஞ்சுட்டு. சுரம் நின்னதும் கடலும் போன இடத்துலயே நின்னுட்டு. பொறவு லாஞ்சுக்காரரு மிக்கேல் மச்சாது, பிராங்கோவோட அப்பா, ஊர்க் கமிட்டித் தலைவரு, கையில சோத்தோட எந்திரிச்சு, “கஸ்பாரு, கொஞ்சம் உள்ள இழும் வே, என் வள்ளம் தரைதட்டிட்டு”ன்னாரு. அவுக உள்ள இழுத்து வாசிச்சாவ, கடல் வந்து வள்ளத்தைத் தூக்கி நிறுத்திச்சு. அடுத்த பந்திக்கு எலை போட்டாவ.

இதுல ஆச்சரியப்பட என்ன இருக்கு, நாய் ஒருத்தரு சொன்னாக் கேக்குது, இன்னொருத்தரு சொன்னாக் கேக்குறதில்ல. இத்தனை வருஷம் இது தெரியாமப் போச்சேன்னுதான் ஊருல எல்லாருக்கும் வருத்தம். அடுத்த வாரத்துல இருந்து எங்க வாசல்ல கூட்டம். வள்ளம் எறக்கணும் அண்ணே, கொஞ்சம் உள்ள கொண்டாங்கன்னு ஒருத்தன், பொம்பளைங்க சிப்பி அள்ளணும், செத்தத் தள்ளி வைங்கன்னு ஒருத்தி, அறுந்து போன நங்கூரத்தைத் தேடணும்னு ஒருத்தன். பக்கத்து ஊருக்காரங்க, எங்க கடல் ஏன் சும்மா சும்மா ஆடுதுன்னு கம்போட சண்டைக்கு வந்தாவ, மீன் குடுத்துச் சமாதானம் பண்ணி அனுப்பினோம். வேற பேண்டுக்காரங்க அந்தக் குழாயை வாங்கி மூச்சு முட்ட ஊதிப் பாத்தாவ, கடல் திரும்பிக்கூடப் பாக்கல. எங்க வீட்டுக்காரவுக உதட்டுக்கு மட்டும்தான் அது அசைஞ்சுது.

அப்பதான் கமிட்டி கூடுச்சு. மிக்கேல் மச்சாது சொன்னாரு, “கஸ்பாரு, இனிமே எந்தப் பாட்டா இருந்தாலும் சரி, வெளிய நீட்டித்தான் முடிக்கணும். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு சாண் போனாப் போதும், நம்ம பாட்டன் நெலமெல்லாம் வந்துரும்.”

“மச்சான், அப்படி முடிச்சா பாட்டு வீட்டுக்கு வந்து சேராதே”ன்னு இவுக சொன்னாவ.

“பாட்டு எங்கயும் கெடந்துட்டுப் போவுது. பிள்ளகுட்டிக்காரன் எங்க கெடப்பான், அதைச் சொல்லும்.”

சொன்னவரு நியாயத்தைத்தான் சொன்னாரு. அன்னையில இருந்து கல்யாணமோ சாவோ, திருவிழாவோ பூசையோ, ஊருக்குள்ள வாசிச்ச எல்லாப் பாட்டையும் வெளியிலயே விட்டுட்டு வந்தாவ. கடலும் போச்சு. மொதல்ல கல்லறைத் தோட்டத்து முன்வரிசை வெளிய வந்துச்சு, சிலுவையெல்லாம் பாசி பிடிச்சு. பொறவு எங்க அம்மா வீட்டு அஸ்திவாரம் வந்துச்சு, அம்மிக்கல்லு போட்ட இடத்துலயே கெடந்துச்சு, நான் அதைக் கட்டிப்பிடிச்சு அழுதேன். பொறவு யாரும் பாக்காத அந்த முன்தெரு வந்துச்சு. அதுக்குப் பொறவும் போச்சு. வந்த நெலத்தைக் கமிட்டி பிரிச்சுக் குடுத்து, கல்லு மண்ணு சுமந்து வீடு கட்டி, புதுத்தெருன்னு பேரு வச்சாவ. கஸ்பார் குடுத்த நெலம், அதனால கடலுக்குக் கிட்ட இருக்கிற மொத வீடு கஸ்பாருக்குன்னு மரியாதை பண்ணினாவ. அதுதான் இந்த வீடு. அதுக்கு அடுத்தது நீங்க பாத்த வீடு.

கடல் போகலைங்கிறதை மொதல்ல கண்டுபிடிச்சது அவுகதான். ஒருநாள் பல்லு வெளக்கிக்கிட்டே கொல்லைப்பக்கம் நின்னவுக, வாயில இருந்த தண்ணியைத் துப்ப மறந்துட்டு நின்னாவ. “இங்க வா மெற்றில்டா. அது பின்னால போகல. நிக்குது”ன்னாவ. நான் வந்து பாத்தேன். முன்ன எல்லாம் கடலைப் பாக்கணும்னா நேராப் பாப்போம். இப்ப தலையைத் தூக்க வேண்டியிருந்துச்சு. தள்ளத் தள்ள அது போறதுக்கு எடம் இல்லாம, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, சரிவா ஒசந்து நின்னுச்சு. தூத்துக்குடி போற கப்பல் எங்க ஓட்டுக் கூரைக்கு மேல போச்சு தம்பி. அடிப்பக்கம் செவப்புப் பெயிண்டு அடிச்சிருந்தது எனக்குத் தெரிஞ்சுது. அன்னைக்கு வந்த பயம் இன்னும் போகல.

ஊரு அதையும் பழகிக்கிடுச்சு. ஜன்னலை அடைக்கச் சொல்லி யாரும் தீர்மானம் போடல. ஒரு வீட்டுல கல்லு வச்சு அடைச்சாவ, அடுத்த வீட்டுல அடைச்சாவ, ஒரு மழைக்காலம் முடியுறதுக்குள்ள கடல் பக்கம் ஒரு ஜன்னலும் இல்லாமப் போச்சு. வள்ளத்தை வின்ச்சு மிசின்ல கயிறு கட்டி இழுத்து மேல ஏத்திக் கடலுக்குப் போனாவ, மீனோட சரிவுல எறங்கி வந்தாவ. துணி காயப் போடுற பொம்பளைங்க அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கிட்டுப் போட்டாவ. பிள்ளைகளுக்கு அது எப்பவும் அப்படித்தான், பக்கத்து ஊருல போய்க் கடலைப் பாத்துட்டு, இங்க ஏன் கடல் கீழ விழுந்து கெடக்குன்னு கேட்டு அழுத பிள்ளை உண்டு. பயமா இருக்குன்னு மட்டும் யாரும் வாயைத் தொறக்க மாட்டாவ. கட்டின வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டு அதை எப்படிச் சொல்லுறது.

அவ்வளவு ஒசரத்துக்குப் பொறவு கடல் சும்மா நிக்கல, மெதுவா இளகி எறங்கப் பாத்துச்சு. அதனால தெனமும் மத்தியானம் கோயில் மணி அடிச்சதும் அவுக வாசல்ல நின்னு, ஸ்லைடைக் கடைசி வரைக்கும் நீட்டி, அந்த ஒரே அடிச்சுரத்தை மூச்சு உள்ள மட்டும் பிடிக்கணும்னு ஆச்சு. ஜாஸெல்லாம் போச்சு. உள்ள இழுத்தாக் கடல் வரும், பொறவு என்னத்தை வாசிக்க. ஒரே சுரம், தாளம் கெடையாது, ஏத்தம் எறக்கம் கெடையாது. மூணாறுக்குப் போகக் கூடாது, கொச்சிக்குப் போகக் கூடாது. அந்த நேரத்துல தெருவுல எல்லாரும் செய்யுற வேலையை நிறுத்திட்டு நிப்பாவ, அகப்பையைத் தூக்கினவ தூக்கினபடி நிப்பா. அவுக ஒருநாள் இருமினா, பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டுக் கோயிலுக்கு ஓடுவாவ. காய்ச்சல்னா வீட்டுக்கு வீடு சூப்பு வரும், முட்டை வரும், தேன் வரும், அண்ணே நீங்க நல்லா இருக்கணும்னு வாசல்ல வந்து நிப்பாவ. அவ்வளவு பேரு அன்பா இருந்தா ஒரு மனுஷனால தும்மக்கூட முடியாது.

அந்தச் சமயத்துலதான் பம்பாயில இருந்து பிரகான்சான்னு ஒரு கோவாக்காரரு காரு போட்டு வந்தாரு. பெரிய பேண்டு வச்சிருந்தவரு. மூணாறு கிளப்புல எப்பவோ இவுக வாசிச்சதைக் கேட்டுட்டு, தேடி விசாரிச்சு வந்திருக்காரு. இந்த எடத்துலதான் உக்காந்தாரு, நீங்க உக்காந்திருக்கிற எடத்துல. “மிஸ்டர் ரொட்ரிகோ, இந்தியாவுல உங்களை மாதிரி வாசிக்கிறவங்க ரெண்டு பேரு இருந்தா அதிகம். என்கூட வாங்க. நீங்க என்ன நினைக்கிறீங்களோ அதை வாசிங்க”ன்னாரு. எங்க வீட்டுக்காரவுக முகத்தை நான் பாத்தேன். கல்யாணத்துக்கு மறுநாள்தான் அந்த முகத்தைப் பாத்திருந்தேன், பொறவு பாக்கல.

வெளிய எட்டிப் பாத்தா தெரு முழுக்க ஆளு. யாரும் சத்தம் போடல, யாரும் கம்பு எடுத்துட்டு வரல, கைக்குழந்தைகளை எடுத்துக்கிட்டு வந்து நிக்காவ, அவ்வளவுதான். மிக்கேல் மச்சாது காரோட கதவுல சாஞ்சு நின்னாரு.

“நீ என்ன சொல்லுத?”ன்னு அவுக என்னைக் கேட்டாவ.

நான் சொன்னேன், “சோத்துப் பானையோட ஒரு தடவ தெருவுல நின்னுட்டேன். இன்னொரு தடவ நிக்க மாட்டேன். நான் இங்கதான் இருப்பேன்.” அது தப்புன்னு இப்பவும் நான் சொல்ல மாட்டேன். வீடு போனவளுக்குத்தான் தெரியும்.

கொஞ்ச நேரம் குழாயைத் தொடச்சுக்கிட்டே இருந்தாவ. பொறவு கோவாக்காரருகிட்டக் கும்பிட்டுட்டு, என்னைப் பாத்து மெதுவாச் சொன்னாவ. “சரி. நீ இந்த வீட்டுல மூச்சோட இருக்கிற மட்டும் நான் பிடிச்சுக்கிடுதேன். அதுக்கப்புறம் ஒரு நிமிஷம் பிடிக்க மாட்டேன். இதை உள்ள இழுத்து, என் பாட்டை வீட்டுல கொண்டாந்து முடிச்சுக்கிடுவேன்.” மிரட்டிச் சொல்லல பிள்ள. கடைக்குப் போயிட்டு வாரேங்கிற மாதிரிதான் சொன்னாவ. அவுக சொன்ன சொல்லு மாறினதே கெடையாது.

பொறவு வயசாச்சு. டிராம்போனுக்கு முன்பல்லு வேணும். அது ஆட ஆரம்பிச்சுட்டு. சுரம் நடுங்கும், அது நடுங்கினா அந்தச் சரிவு முழுக்க நடுங்கும், தெருவுல பானையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு இடிக்கும். ஒரு செவ்வாக்கிழமை மத்தியானம் மணி அடிச்சுது, வாயில ரத்தத்தோட வாசல்ல நின்னு குழாயை நீட்டினாவ. சுரம் நடுங்காம வந்துச்சு, கொழும்புல வாசிச்சப்ப எப்படி வந்திருக்குமோ அப்படி வந்துச்சு. நான் அடுப்படியில இருந்து கேட்டுக்கிட்டே இருந்தேன். ரொம்ப நேரம் ஆச்சு. இவ்வளவு மூச்சு இவுகளுக்கு ஏதுன்னு வெளிய வந்து பாத்தா, சுவத்துல சாஞ்சு உக்காந்திருக்காவ, கண்ணு தொறந்து கெடக்கு, கையி நீட்டினபடி வெறைச்சுப் போய்க் கெடக்கு. சுரம் மட்டும் நிக்கல. டாக்டரு வந்து நெஞ்சுல காதுக் குழாயை வச்சுப் பாத்துட்டு, போயிட்டாருன்னாரு. சுரம் நிக்கல. சாமியாரு வந்து ஜெபம் சொன்னாரு, அதுக்கு மேலயும் அது கேட்டுக்கிட்டே இருந்துச்சு.

எங்க ஊருல ஒரு வழக்கம் உண்டு. பேண்டுக்காரன் செத்தா, அவன் வாத்தியத்தைத் தொடச்சு மடக்கி, பெட்டி மேல வச்சுக் குழி வரைக்கும் கொண்டுபோயி, கடைசியில எடுத்துட்டு வந்து கோயில்ல குடுத்துருவாவ. மடக்கப் போனவன் கையை மிக்கேல் மச்சாது ஓடி வந்து பிடிச்சாரு. “தொடாதிய. இருக்கிறபடியே இருக்கட்டும்”னாரு. ஆசாரி சவப்பெட்டியைக் கால் பக்கம் தொறந்து, ஸ்லைடு போறதுக்கு வாலு மாதிரி ஒரு பெட்டி வச்சு அடிச்சான். நாலு பேரு பெட்டியைத் தூக்க, ரெண்டு பேரு அந்த வாலைத் தூக்க, தொட்டில் பிள்ளையைத் தூக்குற மாதிரி மெல்ல மெல்லத் தூக்கிட்டுப் போனாவ. எனக்கு அழுகை வரல. எங்க யாராவது கல்லு தடுக்கிருவாங்களோன்னு அவங்க காலையே பாத்துக்கிட்டு நடந்தேன். குழியைக் கடலைப் பாத்து நீளமா வெட்டி எறக்கினாவ. மண்ணு மூடினதும் சத்தம் குறைஞ்சுது, நிக்கல, தெரு முழுக்கத் தரைக்கடியில கேட்டுச்சு. இந்தா, இப்ப கேக்குதில்லா, அதேதான்.

அதையும் பழகிக்கிடுச்சு ஊரு. பிள்ளைங்க இந்த முனகல் இல்லாமத் தூங்காது. வெளியூருல கட்டிக் குடுத்த பிள்ளைங்க, தூக்கம் வரலைம்மான்னு போன் போட்டு, போனைத் தரையில வைக்கச் சொல்லிக் கேக்கும்.

நான்தான் பழகல. அவுக சொன்ன சொல்லு எனக்குத் தெரியும்லா. பெட்டி எறக்கின வாரமே கமிட்டியில போய்ச் சொன்னேன், நான் இருக்கிற மட்டும்தான் இது நிக்கும், நல்லா இருக்கும்போதே எல்லாரும் மேட்டுப் பக்கம் போயிருங்கன்னு. கேட்டாவ. யாரும் என்னைக் கோட்டி பிடிச்ச பைத்தியம்னு சொல்லல, அப்படிச் சொல்லியிருந்தாக்கூட எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். மறுநாள் காலையில வாசல்ல சூப்பு வந்துச்சு. முட்டை வந்துச்சு. தேன் வந்துச்சு. எனக்குச் சக்கரைன்னு டாக்டரு சொன்னதும் தேனை நிறுத்திட்டு, ஆளுக்கு ஒரு கசாயம் கொண்டாந்தாவ. படியில வழுக்கிரக் கூடாதுன்னு படியை இடிச்சுட்டுச் சரிவாக் கட்டினாவ. ஒரு தடவ தூத்துக்குடியில தங்கச்சி வீட்டுக்குப் போயிருவோம்னு பையைத் தூக்கிக்கிட்டு பஸ்ஸுல ஏறி உக்காந்தேன், பஸ்ஸு கெளம்பல, டிரைவரு என்னைக் கண்ணாடியில பாத்துக்கிட்டே உக்காந்திருக்கான், மிக்கேல் மச்சாது பொண்டாட்டி ஏறி வந்து என் பையை வாங்கிக்கிட்டு, “எங்கக்கா போறிய, ஒங்களுக்கு இங்க என்ன குறை”ன்னு கையைப் பிடிச்சுக் கூட்டியாந்து இந்தக் கட்டில்ல உக்காத்தினா. அன்னையில இருந்து வாசல்ல எப்பவும் யாராவது ஒருத்தி பூ கட்டிக்கிட்டு உக்காந்திருப்பா. நீங்க வரும்போதும் பாத்திருப்பிய. அவ பூ கட்ட வரல.

இப்ப மிக்கேல் மச்சாதுவும் போய்ச் சேந்தாச்சு. போன மாசம் எனக்கு நெஞ்சு அடைச்சு, பிராங்கோதான் காருல பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனான். டாக்டரு என்னை வெளிய உக்கார வச்சுட்டு அவனை மட்டும் உள்ள கூப்பிட்டுப் பேசினாரு. அவன் வெளிய வந்து, “ஒண்ணுமில்ல அத்தை, சத்துக் கொறவுதான்”னான். திரும்பி வரும்போது வழி நெடுக என் முகத்தைப் பாக்கல. அடுத்த வாரம் அவன் வீட்டு வாசல்ல, வீடு விற்பனைக்குன்னு போர்டு தொங்குது. நான் இத்தனை வருஷமாச் சொன்னதைக் கேட்டு இந்த ஊரை விட்டுக் கெளம்பினவன் அவன் ஒருத்தன்தான். அவன்தான் ஒங்களுக்கு வீட்டைக் காட்டியிருக்கான்.

என்ன பிள்ள, என்னமோ கேக்க வந்தியே, கேளு. என் உடம்பு இப்ப எப்படி இருக்குன்னா கேக்குத? பாத்தியா, அந்தத் தலகாணியை ஏன் எனக்கு முதுகுக்குக் குடுக்குத, நான் ஒன்னக் கேட்டனா? இந்தத் தெருவுல வீடு வாங்க வந்த அத்தனை பேருகிட்டயும் இந்தக் கட்டில்ல இருந்துதான் இதைச் சொன்னேன். ஒருத்தர் விடாமக் கடைசி வரைக்கும் கேட்டாவ, கேட்டு முடிச்சுட்டு, இதே தலகாணியை எடுத்துக் குடுத்துட்டு, இதே கேள்வியைத்தான் கேட்டாவ. பொறவு போயி வீட்டை வாங்கிட்டாவ. இப்ப அவங்க வீட்டுல இருந்தும் சூப்பு வருது.

நான் கெடக்கேன், சாவுறதுக்கு எனக்குப் பயம் இல்ல. எனக்கு வேற ஒரு பயம். காலையில கண்ணு முழிக்கும்போது இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே படுத்திருப்பேன், பாவம், எத்தனை வருஷம்தான் வெளியிலயே நிப்பாவ, வீட்டுக்கு வந்தா என்னன்னு மனசு தன்னால நெனைக்குது. அந்தப் பாட்டு முடியுறதைக் கேக்கணும்னு ஆசையா இருக்கு. நான் அப்படி நெனைக்கிறது அவுகளுக்குக் கேக்குமோன்னுதான் எனக்கு நடுங்குது. இவ்வளவு பிள்ளைங்க இருக்கிற தெருவு.

காப்பியை வச்சுருங்க தம்பி. செத்தப் பேசாம இருங்க. ஒங்க காலைப் பாருங்க, தன்னால தாளம் போடுது, நானும் ரொம்ப நேரமாப் பாத்துக்கிட்டு இருக்கேன். ஒரே சுரத்துக்கு யாரும் தாளம் போட மாட்டாவ.